தணிக்கை என்றதும் ஜி.எஸ்.டி. எண் கேட்டார்கள்

மதுரை எல்லீஸ் நகரில் வீட்டு மாடியறையில் இருந்தபடி 11 ஆண்டுகளாக நான் பராமரித்து வருவது, பிற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஒரே ஒரு திறமூல நிரல் நூலகம். பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தருவது அதன் வேலை. சி மொழியில் எழுதிய சுமார் 4,000 வரிகள்தான். சிவகாசி அச்சகங்கள் சில, பழைய நாட்காட்டிக் கோப்புகளையும் அழைப்பிதழ்களையும் மீட்டெடுக்க அதைப் பயன்படுத்துகின்றன. அவர்களில் என்னைத் தெரிந்த ஓரிருவர், "தம்பி, ஒகரம் எல்லாம் உடையுது" என்று அவ்வப்போது அழைப்பார்கள்.

2024 பிப்ரவரியில், முகம் தெரியாத ஒருவர் அடுத்தடுத்து நான்கு திருத்தங்களை அனுப்பினார். நான்கிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது அஞ்சலில், எனக்கு நேரம் குறைவாக இருப்பது தெரிகிறது என்றும், புதிய பதிப்புகளை வெளியிடும் உரிமையைத் தன்னோடு பகிர்ந்துகொள்ளலாம் என்றும் மிகப் பணிவாக எழுதியிருந்தார். மகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சம்மதம் தெரிவித்து எழுதிய பதிலை அனுப்பாமல் வைத்திருந்தது என் சோம்பலால்தானே தவிர, எச்சரிக்கையால் அல்ல.

மார்ச் 29 அன்று, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் (XZ) என்ற திறமூல நூலகம் பற்றிய செய்தி வந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் எஸ்எஸ்ஹெச் (SSH) வழியாக உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிய ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், அந்தச் சுருக்கு நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வெளியார் ரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு ஒன்று ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதை வைத்தது, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்றிருந்த ஜியா டான் என்ற பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது யார் என்பது வெளியாகவில்லை. 2022-இல் அந்தத் தனிப் பராமரிப்பாளரை வேறு சில பெயர்கள், வேலை நகரவில்லை, முடியாவிட்டால் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று நெருக்கிய அஞ்சல்களை அன்றிரவு படித்தேன். எனக்கு வந்த அஞ்சல் அவற்றைவிட நயமானது என்பதைத் தவிர, பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை.

திருத்தங்களை மகிழ்ச்சியுடன் ஏற்பேன், வெளியீட்டு உரிமை மட்டும் இப்போது இயலாது என்று எனக்குத் திருத்தங்கள் அனுப்பியவருக்குப் பதில் எழுதினேன். அதன் பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. நல்ல மனதோடு உதவ வந்த ஒரு மாணவரை விரட்டிவிட்டேனோ என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது.

என் நிரலை வெளியார் ஒருவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. எங்கள் ஊரில் ஆடிட் என்றால் கணக்கு, தணிக்கை என்றால் சினிமா. பாதுகாப்புத் தணிக்கை என்று நான் சொன்னதும் இரண்டு இடங்களில் ஜி.எஸ்.டி. எண் கேட்டார்கள். கடைசியில் ஐரோப்பிய நிதியமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். பணம் என் கைக்கு வராது, தணிக்கை நிறுவனத்துக்கு நேரே போகும். அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டும். இவை அவர்கள் விதித்த நிபந்தனைகள்.

படிவத்தில் என்னைத் திணறடித்த கேள்வி ஒன்றுதான்: இந்த நிரல் யாரை நம்புகிறது, யாரை நம்பவில்லை? மூன்று வாரம் யோசித்தேன். வரும் கோப்பு அச்சக உரிமையாளரின் சொந்தக் கணினியில் இருப்பது, அவர் ஏன் தனக்கே தீங்கு செய்துகொள்ளப் போகிறார் என்றுதான் 11 ஆண்டுகளாக நினைத்திருந்தேன். ஆனால், வாசகர்கள் அனுப்பும் கோப்பை அப்படியே வாங்கி மாற்றித் தரும் இணையச் சேவை ஒன்றும் இதே நூலகத்தின் மேல்தான் ஓடுகிறது என்பது, அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் தெரிந்தது.

ஆறு நாள் தணிக்கையில் கிடைத்தவற்றுள் கடுமையானது, தமிழ் எழுத்தமைப்பிலேயே இருந்தது. பாமினியில் 'கொ' என்று எழுத முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என்ற வரிசையில் தட்ட வேண்டும். யூனிகோடில் மெய்யெழுத்துக்குரிய குறி முதலில் வரும். ஆகவே கொம்பைக் கண்டதும் என் நிரல் அடுத்த எழுத்தை எட்டிப் பார்க்கும். அடுத்து எழுத்தே இல்லாமல், கொம்போடு கோப்பு முடிந்தால்? நினைவகத்தில் பக்கத்தில் கிடக்கும் பிறருடைய தரவையும் எடுத்து வெளியே எழுதிவிடும். குப்பைத் தரவுகளை லட்சக்கணக்கில் உள்ளே கொட்டிப் பார்க்கும் ஃபஸ்ஸிங் சோதனை, இதைச் சில நிமிடங்களில் பிடித்துவிட்டது. இணையத் தொடர்புகளை மறையாக்கம் செய்யும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற நூலகத்தில் 2014-இல் வெளிப்பட்டு உலகையே உலுக்கிய ஹார்ட்பிளீடும் இதே இனத்தைச் சேர்ந்த பிழைதான்: அனுப்பியவர் சொன்ன நீளத்தைச் சரிபார்க்காமல் படித்தது. அப்போது அந்தத் திட்டத்துக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர்தான். அந்தப் பிழை வெளியான பிறகே லினக்ஸ் அறக்கட்டளை இத்தகைய திட்டங்களுக்காகப் பெருநிறுவனங்களிடம் நிதி திரட்டியது.

நிதி பிழையைக் கண்டுபிடிக்கத்தான் கிடைத்தது, திருத்துவதற்கு அல்ல. ஏழு வாரம் இரவு நேரத்தில் நானே திருத்தினேன். அதைப் பார்த்து அந்த அமைப்பு சிறு தொகை ஒன்றை எனக்கு அனுப்பியபோது, நன்கொடையா, சேவைக் கட்டணமா என்று வங்கியில் கேட்டார்கள். வெளிநாட்டு நன்கொடைக்குத் தனிச் சட்டம் இருப்பதால் இந்தக் கேள்வியை அலட்சியம் செய்யக் கூடாது. செய்த வேலைக்கு ரசீது எழுதி, ஒப்பந்தத்தையும் இணைத்த பிறகு பணம் கணக்கில் ஏறியது. இந்தியாவிலேயே நிதி கேட்க நினைப்பவர்களுக்கு, பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா திறமூல மென்பொருள்களுக்காக 2024-இல் தொடங்கிய, ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் ஒதுக்கும் ஃப்ளாஸ் ஃபண்டு இருக்கிறது.

எக்ஸ்இசட் விவகாரத்தில் பின்கதவை இயக்கிய துணுக்கு, பிறர் இறக்கிக்கொள்ளும் வெளியீட்டுத் தொகுப்பில் மட்டுமே இருந்தது. நிரலின் ஒவ்வொரு மாற்றமும் பதிவாகி, எல்லாரும் பார்க்கக்கூடிய கிட் (Git) களஞ்சியத்தில் இல்லை. அதனால் இப்போது களஞ்சியத்திலிருந்து நேரடியாகத்தான் தொகுப்பைக் கட்டுகிறேன். விருதுநகரில் இருக்கும் பழைய சக ஊழியர் அதைத் தன் கணினியிலும் தனியாகக் கட்டிப் பார்த்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால்தான் கையொப்பமிடுவார். போன பங்குனிப் பொங்கலுக்கு அவர் கணினிப் பக்கமே வராததால் பதிப்பு ஒன்பது நாள் காத்திருந்தது. அதற்குள் சிவகாசியிலிருந்து மூன்று முறை அழைத்துவிட்டார்கள்.