அடுத்த பக்கம்

பிரதேச சபை அமர்வில் யார் என்ன பேசினார் என்பதை எழுதி வைப்பது என் வேலை. பேசியவர் ஆளும் தரப்பா எதிர்த்தரப்பா என்பது கூட்ட அறிக்கை எழுதுபவருக்கு ஒரு பொருட்டாக இருக்கக்கூடாது என்ற எண்ணத்தோடுதான் இத்தனை காலமும் எழுதி வந்திருக்கிறேன். சென்ற ஆண்டு, ஓர் அமர்வு தொடங்குவதற்குச் சற்று முன்னர், உறுப்பினர் ஒருவர் என் மேசைக்கு வந்து சொன்ன சில வார்த்தைகளும் அவருக்கு நான் சொன்ன பதிலும் அந்த எண்ணத்தைக் குழப்பிவிட்டன. சபையின் பெயரையோ ஆட்களின் பெயர்களையோ நான் எழுதப்போவதில்லை. இலங்கையின் வன்னியில் பிரதேச சபை ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்கு அவை தேவைப்படவும் மாட்டாது.

2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பின் அமைந்த சபையில் அந்த உறுப்பினர் எதிர்த்தரப்பில் இருந்தார். உள்ளக வீதியொன்றுக்குக் கிரவல் மண் பரவும் வேலை கிராம அபிவிருத்திச் சங்கமொன்றுக்கு வழங்கப்பட்டிருந்தது. ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருந்தாலும், மண் ஏற்றிய டிப்பர்களும் பரவிய பெக்கோ இயந்திரமும் சபைக்குத் தலைமை தாங்கிய அப்போதைய தவிசாளரின் தம்பியுடையவை. அந்த எதிர்த்தரப்பு உறுப்பினர் அமர்வில் எழுந்து, மடித்த தாளொன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, வாகன இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். எந்த வாகனம் எந்த நாளில் எத்தனை கியூப் இறக்கியது என்பதையும் குறித்து வைத்திருந்தார். தன் குடும்பம் சம்பந்தப்பட்ட விடயம் எடுக்கப்படும்போது தவிசாளர் ஆசனத்தை விட்டு எழுந்து வெளியே செல்லவேண்டும் என்றும், அவர் உள்ளே அமர்ந்திருப்பதே வாக்களிக்கும் மற்றவர்கள் மீது அழுத்தம் என்றும் சொன்னார். இலக்கங்கள் விடுபடாமல் பதியப்படவேண்டும் என்று என்னைப் பார்த்தே கேட்டுக்கொண்டார். அடுத்த அமர்வில் கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தும் நேரம் வந்தபோது, அந்தத் தாளை மறுபடி எடுத்து, அறிக்கையில் உள்ள ஒவ்வோர் இலக்கத்தையும் விரலால் தொட்டு ஒப்பிட்டுப் பார்த்த பின்னர்தான் சம்மதித்தார். அப்படி ஓர் உறுப்பினரை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

அன்று அவருக்கு மறுமொழி சொன்னவர் தவிசாளர் தரப்பு உறுப்பினர் ஒருவர். தவிசாளரின் தம்பியாகப் பிறந்த குற்றத்துக்காக ஒருவர் தொழில் செய்யக்கூடாதா என்று அவர் கேட்டார். அந்த மறுமொழி என் அறிக்கையில் அடுத்த பக்கத்தில் இருக்கிறது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் செயலாளரே நிர்வாகத்தை நடத்தினார். 2025 மே 6 தேர்தலுக்குப் பின் சபை மீண்டும் கூடியபோது, முன்னர் கேள்வி கேட்டவர் ஆளும் தரப்பிலும், மறுமொழி சொன்னவர் எதிர்த்தரப்பிலும் இருந்தார்கள். இன்னொரு வீதி, இன்னொரு சங்கம். இம்முறை டிப்பர்கள் நம் உறுப்பினரின் சகோதரியுடைய கணவருக்குச் சொந்தமானவை. எதிர்த்தரப்பு உறுப்பினர் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, முன்னைய சபையில் இவர் ஆற்றிய உரை சபையில் வாசிக்கப்படவேண்டும் என்று கேட்டார். அந்தப் பக்கத்தை எடுத்து வைக்கும்படி செயலாளர் என்னிடம் சொன்னார். எடுத்து வைத்தேன்.

அமர்வு நாள் காலையில் அவர் வந்தார்.

“பிள்ளை, பழைய பக்கத்தை எடுத்து வைச்சிருக்கிறியளாம்.”

“ஓம் ஐயா. செயலாளர் எடுக்கச் சொன்னவர்.”

பக்கத்தை வாங்கி நின்றபடியே முழுவதும் வாசித்தார். ஒளித்துவிடச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் என் மனம் இன்று தெளிவாக இருந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

“நான் சொன்னது அவ்வளவும் சரி. இண்டைக்கும் அதைத்தான் சொல்லுவன். ஆனா அடுத்த பக்கத்தையும் சேர்த்து எடுத்து வையுங்கோ. அண்டைக்கு அவர் என்ன சொன்னவர் எண்டும் சபை கேக்கட்டும்.”

“செயலாளர் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்தான், ஐயா. மற்றதும் வேணுமெண்டால் நீங்கள் சபையில கேளுங்கோ. உடனே எடுத்துத் தாறன்.”

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அந்த விடயம் வரேக்க நீங்கள் எழும்பி வெளியில போகலாம்தானே ஐயா. அண்டைக்கு நீங்கள் கேட்டதும் அதைத்தானே” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “எங்கட பக்கத்தில ஒராள் ஆஸ்பத்திரியில. நானும் வெளியில போனால் வேலை நிண்டுபோம். பிறகு மாரிக்கு அந்தச் சனம் எந்த வழியால போறது? சங்கத்துக்கு வேற ஆரிட்ட டிப்பர் இருக்கு, சொல்லுங்கோ பாப்பம்” என்றார். என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர் மண்டபத்துக்குள் போனார்.

என் பதிலின் முதற்பகுதிக்கு நான் நியாயம் சொல்ல முடியும். கூட்ட அறிக்கை எழுதுபவர் எந்தப் பக்கம் வாசிக்கப்படவேண்டும் என்று தீர்மானிக்கத் தொடங்கினால், எழுதும்போதும் அப்படித் தீர்மானிக்கத் தொடங்குவார். அந்த அறிக்கை பூட்டி வைக்கப்பட்ட ஆவணமும் அல்ல. உறுப்பினருக்கு மட்டுமல்ல, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தக் குடிமகனுக்கும் அதைக் கேட்டுப் பெறும் உரிமை இருக்கிறது. சபையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அடுத்த பக்கமும் வாசிக்கப்பட்டிருக்கும். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே, ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்கக் கொடுப்பதும் ஒரு தெரிவுதானே என்ற எண்ணமும் எழுகிறது. பாதிப் பதிவு பதிவாகுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இரண்டாவது பகுதிதான் இன்னும் உறுத்துகிறது. அதைச் சொல்ல எனக்கு என்ன இடம் இருந்தது? பெறுகை வழிகாட்டல்களின்படி, விலைமனுக்களை மதிப்பிடும் குழுக்களில் இருக்கும் உத்தியோகத்தர்கள் தமக்கு அந்த விடயத்தில் நலன் எதுவும் இல்லை என்று கையெழுத்திட வேண்டும். ஒருமுறை எழுதுபொருள் விநியோகத்துக்கு என் ஒன்றுவிட்ட சகோதரனின் கடையும் விலை கொடுத்திருந்தபோது, நானே செயலாளரிடம் சொல்லி அந்தக் கோவையிலிருந்து விலகிக்கொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் அவரிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன். ஆனால் நான் விலகியதால் யாருக்கும் வீதி இல்லாமற் போகவில்லை. வாக்கெடுப்பில் யாரும் தோற்கவுமில்லை. கோவை அடுத்த மேசைக்குப் போனது, அவ்வளவுதான். எனக்குச் செலவில்லாத நேர்மையை, அதற்குப் பெரும் விலை கொடுக்கவேண்டிய ஒருவரிடம் கேட்டது நீதியா என்று யோசிக்கிறேன். உடனேயே, விலை கொடுக்கவேண்டியதாக இருப்பதால்தானே மக்கள் அவருக்கு வாக்களித்து அந்த இடத்தில் இருத்தினார்கள் என்றும் தோன்றுகிறது.

அவருடைய டிப்பர்க் கேள்வியை வெறும் சாட்டாக நான் தள்ளமாட்டேன். 2009இல் போரில் எல்லாவற்றையும் இழந்து முகாமுக்குப் போய், மீள்குடியேறி வந்த ஊர்களில் லீசிங்கில் ஒரு டிப்பர் எடுக்கக்கூடியவர்கள் ஒரு சிலர்தான். வெளியிடத்து ஒப்பந்தகாரர்கள் வந்து வேலை செய்து காசையும் கொண்டு போகிறார்கள் என்று சனங்கள் குறைப்பட்டதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சங்கங்களுக்கு நேரடியாக வேலை கொடுப்பதில் உள்ள நியாயமே, கூலியும் இலாபமும் ஊருக்குள் நிற்கும் என்பதுதான். ஆனால் சங்கத்திடம் வாகனம் இல்லை. வாகனம் வைத்திருப்பவர் யாராவது ஓர் உறுப்பினருக்கு மச்சானாகவோ மருமகனாகவோ இருப்பார். இத்தனை கலியாண உறவுள்ள சிறிய ஊர்களில் அது தவிர்க்க முடியாதது. ஆகவே உறவு இருப்பதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சபையில் சொல்லிவிட்டு வாக்கெடுப்பு முடியும்வரை வெளியே நிற்பது எல்லாத் தரப்புக்கும் வழக்கமாக இருந்தால், இவர் தனியாக எழுந்து போய்த் தன் தரப்பைத் தோற்கடிக்கவேண்டி வராது. அந்த வழக்கத்தை உண்டாக்கும் வாய்ப்பு முன்னைய சபைக்கு இருந்தது. அன்று ஆளும் தரப்பு அதை நையாண்டி செய்து தள்ளியது. இன்று அதே தரப்பு அதை ஆயுதமாக எடுத்து வந்திருக்கிறது.

சட்டத்தில் வழி இல்லையென்று சொல்ல முடியாது. அரசுடனான ஒப்பந்தத்தில் சட்டம் விதிக்கும் வகையான நலனுள்ளவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர் என்று அரசியலமைப்பின் 91ஆவது உறுப்புரையே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரணைக் குற்றமாக்கியிருக்கிறது. சொத்து, பொறுப்பு விபரங்களை வெளிப்படுத்தும் கடமை உள்ளூராட்சி உறுப்பினர்களுக்கும் உண்டு. ஆனால் சங்கத்தின் பெயரில் உள்ள ஒப்பந்தத்துக்குள் மச்சானின் டிப்பர் ஓடுவது எந்தப் படிவத்திலும் ஏறாது. அதை ஊரில் உள்ள ஒருவர் கண்ணால் கண்டு, இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொன்னால்தான் உண்டு. அப்படிச் சொல்ல வருபவர் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் இருப்பவராகவே இருக்கிறார்.

மேல்மட்டத்திலும் வேறு விதமாக நடந்ததாக எனக்கு ஞாபகமில்லை. 2017 யூனில் வட மாகாண சபையில் அமைச்சர்கள் மீதான முறைகேட்டுக் குற்றச்சாட்டுகள் பற்றிய விசாரணை அறிக்கை வந்தபோது, சில நாட்களுக்குள்ளேயே பேச்சு முதலமைச்சருக்கு எதிரான நம்பிக்கையில்லாப் பிரேரணையின் பக்கம் திரும்பிவிட்டது. அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் அலுவலகத்தில் யாரும் கேட்டதாக நினைவில்லை. யார் யாருடைய பக்கம் என்றுதான் மதியச் சாப்பாட்டின்போது கதைத்தோம். நானும்தான்.

அன்றைய அமர்வில் அந்தப் பக்கம் வாசிக்கப்பட்டது. வாகன இலக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தபோது மண்டபத்தில் சத்தம் எழுந்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்; அடுத்த பக்கத்தைக் கேட்பார் என்று எண்ணி, கோவையைத் திறந்தே வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடாதது. மற்றவரின் மறுமொழியை வாசிக்கச் செய்தால், அன்று பிழையென்று தான் சொன்ன அதே நியாயத்தில் இன்று தானும் நிற்பது வெளிப்படும் என்று நினைத்திருக்கலாம். வெளியே போகலாம்தானே என்று நான் கேட்டது அவரை வாயடைக்கச் செய்திருக்கவும் கூடும். அப்படியென்றால், எந்தத் தரப்பும் சாராமல் எழுதுகிறேன் என்று சொல்லும் நானே ஒரு தரப்புக்கு உதவியிருக்கிறேன். வாக்கெடுப்பில் அவரும் கை உயர்த்தினார். வேலைக்கு அனுமதி கிடைத்தது.

ஆனால் அந்தச் சத்தம் வீணாகவில்லை. வேலை முடிந்து கொடுப்பனவுக்கான பட்டியல் வந்தபோது, மீண்டும் பிரச்சினை வரும் என்ற பயத்தில், தொழில்நுட்ப உத்தியோகத்தர் வீதி நெடுகக் குழி வெட்டிக் கிரவலின் தடிப்பை அளந்தார். இரும்புச் சட்டத்தைக் குழிக்குள் இறக்கி, செம்மண் முடிந்து பழைய மண் தொடங்கும் இடத்தைக் கத்தியால் கீறிக் காட்டினார். சில இடங்களில் தடிப்புக் குறைவாக இருந்தது. அதற்குரிய தொகை கொடுப்பனவில் கழிக்கப்பட்டது. முன்னைய சபையில் டிப்பர் இலக்கங்கள் வாசிக்கப்பட்ட பின்னரும் இப்படித்தான் அளந்தார்கள். இடையில் உறுப்பினர்கள் இல்லாத அந்த இரண்டு ஆண்டுகளில் அலுவலகம் அமைதியாக இருந்தது, கோவைகள் விரைவாக நகர்ந்தன, எங்களுக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்தக் காலத்தில் யாரும் எழுந்து நின்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குழி வெட்டி அளந்ததாகவும் நான் அறியவில்லை. உள்நோக்கத்தோடு கேட்கப்பட்ட கேள்விகள்தான் இரண்டு முறையும் சனங்களின் காசைக் காப்பாற்றின என்பதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கேட்டவர்களின் மனத்தை எடைபோட எனக்கு என்ன தேவை, கேள்வி சரியென்றால் போதாதா என்று ஒரு நாள் நினைக்கிறேன். அதே மனிதர்கள் கதிரை மாறியதும் வாய் மூடுவதைப் பதினொரு மணிக்குப் பார்த்து மூன்று மணிக்கு எழுதவேண்டியிருக்கும் மறுநாள், அது போதாது என்று தோன்றுகிறது.

அண்மையில் நிகழ்ச்சி நிரலின் மாதிரி ஒன்றைத் தயாரித்துச் செயலாளரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு விடயத்தின் கீழும், அதில் தனக்கோ குடும்பத்துக்கோ தொடர்புள்ள உறுப்பினர் பெயர் எழுதி ஒப்பமிட ஒரு வரி விட்டிருந்தேன். நல்லதுதான், ஆனால் உத்தியோகத்தர்கள் கொண்டுவர முடியாது, உறுப்பினர் ஒருவர் பிரேரணையாக முன்வைக்கவேண்டும் என்றார். எதிர்த்தரப்பு உறுப்பினரிடம் காட்டினேன். தங்கள் தரப்பு ஆட்சிக்கு வந்ததும் செய்யலாம் என்றார். மற்றவரிடம் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். வாகன இலக்கங்களை விரலால் தொட்டுச் சரிபார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரை நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை சங்கடப்படுத்திவிட்டீர்கள், இனி வேண்டாம் என்று செயலாளர் சொல்கிறார். அடுத்த அமர்வுக்கான பிரேரணைகள் வியாழக்கிழமைக்கு முன் வந்து சேரவேண்டும். மாதிரி இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.