மார்க் 2 கோல்ஃப் ஜிடிஐ-யில் 1.8 டர்போ: பழைய இன்ஜினை இறக்கும் முன் போட்ட கணக்கு

இரண்டாம் தலைமுறையான மார்க் 2 கோல்ஃப் ஜிடிஐ-யின் 8 வால்வு இன்ஜினை எடுத்துவிட்டு, ஃபோக்ஸ்வாகனின் 1.8 லிட்டர் 20 வால்வு டர்போ இன்ஜினை உட்கார வைக்கும் திட்டம் இது. வண்டியில் இன்னும் ஸ்பானர் வைக்கவில்லை. எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வர வேண்டும், எது எதோடு பொருந்தும், எங்கே இடிக்கும் என்ற கணக்கு முடிந்திருக்கிறது. இந்த வேலையில் இன்ஜின்தான் சுலபமான பகுதி. கியர்பாக்ஸ், மவுண்ட், வயரிங், குளிரூட்டல், பிரேக் ஆகியவற்றை முன்கூட்டியே தீர்மானிக்காததால்தான் பல வண்டிகள் பாதி வேலையோடு மூலையில் நிற்கின்றன.

1.8 டர்போவில் பல குறியீடுகள் உண்டு. இந்தத் திட்டத்துக்கு எடுப்பது ஏஜியூ: மார்க் 4 கோல்ஃபில் வந்தது, 1781 சிசி, 150 பிஎஸ், 210 நியூட்டன் மீட்டர், கே03 டர்போ. இதன் த்ராட்டில் கேபிளில் இயங்குவதுதான் தேர்வுக்கு முதல் காரணம். பின்னால் வந்த இன்ஜின்களில் த்ராட்டில் மின்னணு முறைக்கு மாறிவிட்டது. அவற்றை எடுத்தால் ஆக்ஸிலரேட்டர் பெடல், பிரேக் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் எல்லாவற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து பழைய பெடல் பெட்டியில் இடம் தேட வேண்டும். ஏஜியூ ஹெட்டின் இன்டேக் துவாரங்களும் பெரியவை. பழைய ஆடி ஏ4, பசாட் வண்டிகளின் ஏஇபி இன்ஜினிலும் அதே பெரிய துவார ஹெட்தான். ஆனால் அது நீளவாட்டில் வைக்கும் இன்ஜின். மேனிஃபோல்ட், டர்போ, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதை விட்டுவிட்டோம்.

தனி இன்ஜினாக வாங்காதீர்கள். முடிந்தால் முழு வண்டியாகவே வாங்குங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியும் அதன் மேல் திருகியிருக்கும் இக்னிஷன் பவர் மாட்யூலும், காற்றளவு சென்சார், பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, கட்டுப்படுத்தும் என்75 வால்வு, புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார், வாக்குவம் குழாய்களில் ஒளிந்திருக்கும் ஒருவழி வால்வுகள், இன்ஜினை இயக்கும் கணினியான இசியு, மீட்டர், சாவி இவையெல்லாம் தனியாகத் தேடும்போதுதான் அருமை தெரியும். இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புப் பூட்டு உள்ள இசியு, தன் மீட்டரும் சாவியும் இல்லாமல் இன்ஜினை ஓரிரு நொடி ஓடவிட்டு அணைத்துவிடும். மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து எடுக்க வேண்டும், அல்லது இசியுவில் அந்தப் பூட்டை மென்பொருள் வழியாக நீக்க வேண்டும்.

வாங்கும் முன் கம்ப்ரஷன் பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், த்ராட்டில் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேண்டாம். டர்போவின் தண்டை விரலால் முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டமே தெரியக்கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம். டர்பைன் வாய்க்கும், மிகுதிப் புகையை டர்பைனைச் சுற்றி வெளியேற்றும் வேஸ்ட்கேட் துவாரத்துக்கும் நடுவே வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும். கே03-ல் வழக்கமாக வெடிக்கும் இடம் அது. பிறகு ஆயில் சம்பைக் கழற்றி, பம்ப் உறிஞ்சும் வலையைக் கட்டாயம் பாருங்கள். தார் போன்ற படிவு அடைத்திருந்தால் அந்த இன்ஜின் ஆயில் பட்டினியில் ஓடியிருக்கிறது, பேரிங்குகளைத் திறக்காமல் நம்ப முடியாது.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், கிராங்க் பின்பக்க சீல் நான்கையும் மாற்றிவிட வேண்டும். இந்த பிளாக்கில் வாட்டர் பம்பைச் சுழற்றுவதே டைமிங் பெல்ட்தான். பழைய பம்புகளின் பிளாஸ்டிக் விசிறி தண்டிலிருந்து கழன்று சுழலும். உலோக விசிறி உள்ளதை வாங்குங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயின் உள்ளே கரி படிந்திருக்கும். கழுவிப் பயனில்லை, புதிதாகவே போடுங்கள்.

இனி கியர்பாக்ஸ். மார்க் 2 ஜிடிஐ-யில் இருப்பது 020 என்ற குறியீடு உள்ள பெட்டி. அதை வைத்துக்கொண்டு சமாளிக்கலாம் என்ற யோசனை பலருக்கும் வரும். வேண்டாம். அதன் டிஃபரன்ஷியல் பற்சக்கரம் ரிவெட்டில் நிற்கிறது. டர்போவின் டார்க் தொடர்ந்து விழும்போது ரிவெட் அறுந்து, தலை கழன்று, கியர்பாக்ஸ் கூட்டையே ஓட்டை போட்டுவிடும். சேர வேண்டியது 02ஏ. ஃபோக்ஸ்வாகனின் ஜி60 (சூப்பர்சார்ஜர் உள்ளது), விஆர்6 (ஆறு சிலிண்டர்) மாடல்களில் வந்த பெட்டி. மார்க் 2 கோல்ஃபிலேயே ஜி60 மாடல் இருந்ததால் இதற்கான முன் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் இரண்டும் அந்த பாடிக்குத் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை. வெல்டிங்கை இந்த அளவுக்குக் குறைக்கும் வேறு வழி இல்லை.

02ஏ வந்தால் கூடவே வருபவை: 020-க்குக் கேபிள் கிளட்ச், இதற்கு ஹைட்ராலிக். எனவே பெடல் பெட்டி, கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர் வேண்டும். கியர் மாற்றுவது கம்பிகளுக்குப் பதில் இரண்டு கேபிள்களால்; லீவர் பெட்டியும் மாறும். ஸ்டார்ட்டர் 02ஏ-யுடையதாக இருக்க வேண்டும். ஃப்ளைவீலுக்கு நம் தேர்வு ஜி60-யின் ஒற்றை எடை ஃப்ளைவீல், அதோடு விஆர்6-ன் 228 மிமீ கிளட்ச். பழைய இரட்டை எடை ஃப்ளைவீலின் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐடிலிலேயே தடதடக்கும். ஒற்றை எடையில் அந்தக் கவலை இல்லை. ஃப்ளைவீல் போல்ட் எப்போதும் புதியது: 60 நியூட்டன் மீட்டர், பிறகு கால் சுற்று. ஆக்ஸில் ஷாஃப்ட் வாங்கும் முன் கியர்பாக்ஸ் ஃப்ளாஞ்சை அளந்துகொள்ளுங்கள். 100 மிமீ, 108 மிமீ என இரண்டு அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன, ஒன்றின் ஷாஃப்ட் மற்றதில் சேராது.

மவுண்டில் மீதிச் சிக்கல் டைமிங் பெல்ட் பக்கம். ஏஜியூவின் பிளாக்கில் (அதன் குறியீடு 06ஏ) போல்ட் துளைகள் மார்க் 2-வின் பின் மவுண்ட் பிராக்கெட்டுக்கு ஏற்ப இல்லை. இதற்கெனத் தயாராகக் கிடைக்கும் பிராக்கெட்டை வாங்குவதே நல்லது. இங்கே 3 மிமீ சாய்ந்தாலும் ஆக்ஸில் ஷாஃப்டின் கோணம் மாறி, ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுழலும் சிவி ஜாயின்ட் சீக்கிரம் போகும். இன்ஜினை வெறுமனே மவுண்டில் உட்கார வைத்து, டர்போவும் அதிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பும் மாட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். டர்போ தீச்சுவர் பக்கம் வருவதால் ஸ்டியரிங் ரேக்குக்கும் டவுன்பைப்புக்கும் இடைவெளி குறைவு. ரேக்கின் ரப்பர் உறை உருகாமல் இருக்க வெப்பத் தகடு அவசியம்.

எரிபொருளுக்கு ஏஜியூ கேட்பது 3 பார் அழுத்தம், போகும் குழாய், திரும்பும் குழாய். கே-ஜெட்ரானிக் என்ற பழைய இயந்திர முறை எரிபொருள் இன்ஜெக்ஷன் உள்ள மார்க் 2-வின் வெளிப்புறப் பம்ப் அதைவிட அதிக அழுத்தத்துக்கே செய்யப்பட்டது, ஆகவே நல்ல நிலையில் இருந்தால் போதும். டாங்கியின் உள்ளே இருக்கும் ஏற்றும் பம்ப் செத்திருந்தால் பாதி டாங்கிக்குக் கீழே வளைவுகளில் இன்ஜின் திணறும். டர்போவில் அது வெறும் திணறலோடு நிற்காது, கலவை மெலிந்து பிஸ்டனைச் சுடும்.

வயரிங்கைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதிகம். இன்ஜின் ஹார்னஸை (கம்பிக் கட்டை) துண்டாக்காமல் முழுதாக வைத்துக்கொண்டால் வண்டியோடு சேர்க்க வேண்டிய கம்பிகள் கொஞ்சம்தான்: நிரந்தர 12 வோல்ட், சாவி போட்டதும் வரும் 12 வோல்ட், ஃப்யூயல் பம்ப் ரிலே, எர்த், ஆர்பிஎம் சிக்னல், வேக சிக்னல், நோய்கண்டறியும் பிளக். கடைசியில் சொன்னதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் கோளாறு தேடுவது இருட்டில் தடவுவது. வேக சிக்னல் இல்லாவிட்டால் வண்டி உருண்டு நிற்கும்போது ஐடில் தடுமாறும். மார்க் 2 மீட்டருக்கு ஆயில் பிரஷர் சுவிட்ச் இரண்டு, 0.3 பாருக்கு ஒன்று, 1.8 பாருக்கு ஒன்று. ஒன்றை மட்டும் இணைத்தால் 2000 ஆர்பிஎம் தாண்டியதும் பஸ்ஸர் அலறும், அழுத்தம் சரியாகவே இருந்தாலும்.

பூஸ்ட் வரும் குழாய்களில் பிரேக் சர்வோவின் ஒருவழி வால்வும் இன்ஜின் மூச்சுக்குழாயின் ஒருவழி வால்வும் புதிதாக இருக்கட்டும். முதலாவது கசிந்தால் பிரேக் பெடல் கல்லாகும். இரண்டாவது கசிந்தால் பூஸ்ட் கிராங்க்கேஸுக்குள் போய் சீல் வழியாக ஆயிலைத் தள்ளும்.

பிரேக்கை இன்ஜினுக்கு முன்பே போடுவதாக முடிவு. 8 வால்வு ஜிடிஐ-யின் முன் டிஸ்க் 239 மிமீ. அதற்குப் பதில் ஜி60-யின் 280 மிமீ டிஸ்க், கேலிப்பர், 22 மிமீ மாஸ்டர் சிலிண்டர். சக்கரம் குறைந்தது 15 அங்குலம் வேண்டும். பழைய இன்ஜினோடு சில வாரம் ஓட்டினால் பிரேக்கில் உள்ள குறை தனியாகத் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எந்த அதிர்வு எதிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சக்தியைப் பொறுத்தவரை முதல் கட்டத்தில் 150 பிஎஸ்-க்கு மேல் போவதில்லை. ஆயிரம் கிலோவுக்கும் குறைவான வண்டிக்கு அதுவே நிறைய. பிறகு மென்பொருள் மாற்றி 190 பிஎஸ் அளவுக்குப் போகலாம். அதற்கு மேல் கே03 காற்றைத் தள்ளுவதைவிடச் சூடாக்குவதே அதிகம். பெரிய டர்போ மாட்டினால் தொழிற்சாலை கனெக்டிங் ராடுதான் எல்லை. குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென ஏறும் டார்க்தான் ராடை வளைக்கிறது, உச்ச பிஎஸ் அல்ல.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் ஆயில் வாயில் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஃப்யூயல் பம்ப் ரிலேவையும் இக்னிஷன் மாட்யூலின் பிளக்கையும் எடுத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சிறு சிறு இடைவெளி விட்டுச் சுற்ற வேண்டும். ஓடத் தொடங்கியதும் காற்றளவு சென்சார் காட்டும் அளவைப் பாருங்கள்: நொடிக்கு வரும் கிராமை 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய பிஎஸ். முழு த்ராட்டிலில் 120 கிராம் தொட்டால் 150 பிஎஸ் இருக்கிறது. 90-க்குப் பக்கத்தில் நின்றால் சென்சாரை மாற்றும் முன் இன்டர்கூலர் குழாய்களில் கசிவு தேடுங்கள், பெரும்பாலும் ஒரு கிளிப் தளர்ந்திருக்கும்.