ஏழாவது மெயில்

அதிகாலை மூணரைக்கு போன் மினுங்கியது. இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகம். 'வருந்துகிறோம்' என்ற இடம் வரைதான் படித்தேன். மிச்சம் மனப்பாடம்.

விடிந்து ஹாலுக்கு வந்தால், அப்பா தரையில் உட்கார்ந்து மஞ்சப் பையைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். வீட்டுப் பத்திரம். மடிப்பில் கிழிந்த இடத்தில் டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுத்துப் போயிருக்கிறது. பக்கத்தில் மொடமொடவென்று புது வில்லங்கச் சான்றிதழ்.

"முப்பது வருஷத்துக்குப் போட்டு வாங்கிட்டேன்டா. ஒரு வில்லங்கமும் இல்ல."

ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் வங்கி அடமானம் கேட்கும். எனக்கு வந்த ஒரே அட்மிஷன் எம்.எஸ். முதுகலைப் படிப்புக்கு, உதவித்தொகை ஒரு பைசா கிடையாது. உதவித்தொகையோடு பிஎச்.டி. என்று போட்டதெல்லாம்தான் வரிசையாகத் திரும்பி வருகின்றன.

ஒரு இடத்தில் மட்டும் வெயிட்லிஸ்ட். நிதியுதவியோடு இடம் கிடைத்தவர்கள் முடிவு சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் வழக்கம். எவனோ நாலு ஆஃபரை மடியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறான். அவன் வேண்டாமென்றால் நான் உள்ளே. முன்பெல்லாம் எழும்பூர் ஸ்டேஷனில் ரயில் சார்ட் ஒட்டுவதற்காக நின்ற மாதிரிதான்.

இங்கேயே நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை அடித்தால் மாசம் 37,000. நெட் புத்தகத்தையும் தூசி தட்டி வைத்திருக்கிறேன்.

நிராகரிப்பு பழகிவிட்டது, நிஜமாகவே. அந்த மொடமொடப் பேப்பரைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர்கள் என்னை வேண்டாமென்று சொல்லச் சொல்ல, இவர் வீட்டை நீட்டிக்கொண்டே இருக்கிறார்.

"மெயில் ஏதும் வந்துச்சா?"

"இன்னும் இல்லப்பா."

பத்திரத்தைப் பையில் சுருட்டினார். பீரோவுக்குள் வைக்கவில்லை, டிவி மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.