நூல் நழுவும் சந்து

“ஆடுற பல்லையெல்லாம் புடுங்கிருங்க டாக்டரம்மா, செட்டு கட்டிக்கிடுறேன்” என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அக்கா நாற்காலியில் ஏறினார். வயது 47. தையல் தொழில். எட்டு வருஷமாகச் சர்க்கரை. கீழ் முன்பற்கள் நான்கும் நாக்கு பட்டாலே அசைந்தன. மேலே ஒரு பல் மட்டும் வரிசையை விட்டு முன்னால் வந்திருந்தது. ஈறை விரலால் லேசாக அழுத்தினால் சீழ் எட்டிப் பார்த்தது.

ஈறு வைத்தியத்தில் முதல் வேலை அளப்பதுதான். ப்ரோப் என்கிற மெல்லிய கம்பியில் மில்லிமீட்டர் கோடுகள் இருக்கும். அதைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கிப் பார்ப்போம். மூன்று வரை இருந்தால் பயமில்லை. நான் ஒரு பல்லுக்கு ஆறு இடத்தில் அளந்து சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டே வந்தார்: “ஆறு, அஞ்சு, ஏழு… ஏழு, ஆறு, எட்டு.” பாதியில் அக்கா கையைத் தூக்கினார். “என்னம்மா, ஏலம் விடுறீங்களா?”

எங்கள் பக்கத்தில் பல் ஆடினால் ஒன்று பிடுங்க வேண்டும், இல்லாவிட்டால் ஈறை வெட்டித் தைக்க வேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். வெட்டுவதாகவே இருந்தாலும் அதற்கு முன் செய்தாக வேண்டிய ஒரு படி இருக்கிறது. அந்தப் படியோடு வேலை முடிந்துபோகிற வாய்கள் நிறைய. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரோடு ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுப்பதுதான் அது. போர்டில் ‘டீப் கிளீனிங்’ என்று போட்டுக்கொள்கிறோம். பெயரைக் கேட்டால் ஏதோ துணி வெளுக்கிற மாதிரி இருக்கிறது.

வெளியே தெரிகிற காரை மஞ்சள். ஈறுக்குள் இருப்பது கறுப்பு. கசிந்த ரத்தத்தின் நிறம் அதில் ஊறிப்போயிருக்கும். உப்புத் தண்ணீர் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் பிடிக்குமே, அந்த மாதிரி இறுகியிருக்கும். கண்ணால் பார்க்க முடியாது. விரல் நுனிதான் கண். முதலில் அல்ட்ராசோனிக் கருவியால் பெரும்பகுதியைத் தட்டிவிட்டு, அப்புறம் கியூரெட் என்கிற வளைந்த சுரண்டியை எடுப்பேன். கடைவாய்ப் பல்லின் முன்பக்கத்துக்கு 11/12 எண் சுரண்டி, பின்பக்கத்துக்கு 13/14 என்று ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி வளைவு. உள்ளே விட்டு இழுத்தால் முதலில் கரகரவென்று கையில் உறைக்கும். நாலைந்து இழுப்பில் சின்னதாக ஒரு ‘டக்’. ஒரு துண்டு கழன்றுவிட்டது என்று அர்த்தம். பிறகு கண்ணாடியில் இழுக்கிற மாதிரி வழுக்கும். அந்த வழுக்கல் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று படிக்கிற காலத்தில் எங்கள் மேடம் பக்கத்திலேயே நிற்பார். கழுத்துவலி அப்போது தொடங்கியது, இன்னும் போகவில்லை.

ஒரே நாளில் முழு வாயையும் முடிக்கலாம், பகுதி பகுதியாகவும் செய்யலாம். பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. அக்கா கடையைத் திறக்க வேண்டும், ஒரு பக்கமாவது மென்று சாப்பிட வேண்டும் என்பதால் வாரம் ஒன்றாக நான்கு தடவை வரச் சொன்னேன்.

“இதுக்கு மாத்திரை இல்லையாம்மா?” என்று கேட்டார். கேட்காதவர்கள் இல்லை. வேரில் கிருமிகள் பிசின் போல ஒரு படலம் கட்டி உட்கார்ந்திருக்கின்றன. சுரண்டாமல் மாத்திரை மட்டும் கொடுத்தால் அது அசையாது. அமாக்ஸிசிலின், மெட்ரோனிடசோல் என்ற இரண்டு கிருமிக்கொல்லிகளைச் சேர்த்துக் கொடுப்பது உண்டு. இளம் வயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறவர்களுக்கென்று அதை நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன். சுரண்டிய பிறகும் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மூடாத ஓரிரு ஆழமான பாக்கெட்டில் டெட்ராசைக்ளின் மருந்து ஏற்றிய இழையை வைப்பதுண்டு. லேசர் வைக்கச் சொல்லிக் கேட்கிறவர்களும் வருகிறார்கள். ஐரோப்பிய ஈறு மருத்துவக் கூட்டமைப்பின் 2020 வழிகாட்டி, சுரண்டலோடு லேசரையும் சேர்த்துச் செய்யப் பரிந்துரைக்கவில்லை. அந்தக் காசுக்கு நல்ல பிரஷ் வாங்கலாம் என்பது என் கட்சி.

இன்னொரு கேள்விதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தியது. “எங்கம்மா செங்கப்பொடிலதான் தேச்சாக. கடைசி வரைக்கும் முறுக்கு கடிச்சாக. எனக்கு மட்டும் ஏன்?” இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல் துலக்கும் பழக்கமே இல்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை ஹெரால்ட் லோ குழுவினர் கவனித்து வந்தார்கள். எல்லார் பல்லிலும் காரை, எல்லார் ஈறிலும் வீக்கம். ஆனாலும் ஏறத்தாழ 11 சதவீதம் பேருக்கு நோய் ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது; 8 சதவீதம் பேருக்கு வெகுவேகமாக எலும்பு கரைந்தது. உடல்வாகு அப்படி. அக்காவுக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை ஈறைக் கெடுக்கும்; ஆனால் அது ஒருவழிப் பாதை இல்லை. ஈறைச் சரிசெய்தால் மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு, சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைகிறது என்று 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. இதைச் சொன்னதும்தான் அக்கா பிடுங்குகிற பேச்சை விட்டார்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்கு இருந்தேன். அங்கே ஒருவருக்கு இதே வேலையைச் சுத்தமாகச் செய்து அனுப்பினேன். பத்து நாளில் வந்து வரவேற்பறையில் நின்று கத்தினார்: “நல்லாருந்த பல்லைச் சுரண்டிச் சந்து போட்டுட்டாங்க, பச்சைத் தண்ணி குடிக்க முடியல.” முதலாளி பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பினார். கத்தியவர்மேல் தப்பே இல்லை. ஈறு வற்றியிருந்தது, கூச்சம் வந்திருந்தது, பல் நீளமாகத் தெரிந்தது. எல்லாம் குணமாவதன் அடையாளம். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட. இப்போதெல்லாம் ஊசி போடுவதற்கு முன்பே கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுகிறேன்: “காலு வீங்கியிருந்தா செருப்பு இறுக்கமா இருக்கும்ல? வீக்கம் வடிஞ்சா தொளதொளங்கும். அது மாதிரிதான் இதுவும்.”

எட்டு வாரம் கழித்து அக்கா வந்தார். சீழ் இல்லை, வாடை இல்லை. முன்பற்களில் ஏழு இருந்த இடம் நான்காகியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு குறை. “எல்லாம் சரிதாம்மா. நூலைக் கடிச்சா சந்துல நழுவிப் போயிருது.” இருபது வருஷமாகக் கத்தரிக்கோலை எடுக்கச் சோம்பல்பட்டுக் கடித்த பற்கள் அவை. கடிக்கவே கூடாது என்றேன். கீழ்ப்பற்கள் நான்கையும் உள்பக்கமாக ஃபைபர் இழை வைத்துச் சேர்த்துக் கட்டினேன். சந்துக்கென்றே இருக்கும் குட்டி பிரஷ்ஷை எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் தேடி அலைய வேண்டும், அதனால் நானே ஒரு டப்பா வாங்கி வைத்திருக்கிறேன். பலருக்கு அதைச் சந்துக்குள் விடக் கற்றுக்கொடுப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். அக்கா ஒரே தடவையில் விட்டார். ஊசியில் நூல் கோர்க்கிற கை.

ஒரு பல் மட்டும் மசியவில்லை. வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில், இரண்டு வேர்கள் பிரிகிற இடத்தில், ஏழு ஆறானதோடு நின்றுவிட்டது. ப்ரோப் பட்டதும் ரத்தம். பல பேருக்கு அந்த வாசல் கியூரெட்டின் அலகைவிடக் குறுகல். இன்னொரு தடவை முயன்றேன். பலன் இல்லை. அங்கே மட்டும் ஈறைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும் என்றேன்.

சுவரில் தொங்கிய காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வைகாசி, ஆனியில முகூர்த்தம். ரவிக்கை தைக்கவே நேரம் பத்தாது. ஆடியில வெச்சுக்கிடுவோமா? அப்பத்தான் தையல் வராது.”

ஆடி மூன்றாம் தேதி என்று கார்டில் எழுதிக் கொடுத்தேன். சர்க்கரை ரிப்போர்ட்டையும் எடுத்து வரச் சொன்னேன்.