இரண்டாவது தடவை

பதினோராம் நாள் குளிப்பாட்டும்போது அம்மாதான் கவனித்தாள். "ஆம்பளப் பிள்ளை ஒண்ணுக்குப் போனா மூஞ்சில பீச்சி அடிக்கணும்டி. இவன் சொட்டுச் சொட்டா விடுறானே." ஸ்கேனில் ரெண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. மூத்திரப் பாதையில் வால்வு மாதிரி ஒரு மெல்லிய சவ்வு. ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வருவதாம். உள்ளே கேமரா விட்டு அதை எரித்துவிட்டார்கள். குலதெய்வத்துக்கு மொட்டை போட்டோம், முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. கருவிலேயே மாசக்கணக்கில் அடைப்போடு முட்டி முட்டி அவன் மூத்திரப்பை சுவர் தடித்துப்போயிருந்தது. அது முழுசாகக் காலியாவதில்லை. சிறுநீரகமோ தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாமல் லிட்டர் லிட்டராக இறக்குகிறது. பை நிரம்பினால் அழுத்தம் மேலே ஏறி, மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் அரிக்கிறது. இதை யாராவது ஆபரேஷன் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்குப் புரியவே நாலு வருஷம் ஆனது.

கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டவேண்டிய கழிவு. முதல் வயசுக்குள் அது 0.8க்குக் கீழே இறங்கினால் நல்ல சகுனம் என்பார்கள். இவனுக்கு 0.9இல் நின்றது. பாஸா ஃபெயிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருந்து, மூணு மணிக்கொரு தரம் பாத்ரூம். போய்விட்டு வந்து அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடியும் போகணும், மிச்சம் வரும். மூணாம் வகுப்பில் ஒரு டீச்சர் "இப்பத்தானே போன, உக்காரு" என்று சொல்லிவிட்டார். நனைந்த டவுசரைப் பையில் சுருட்டிக்கொண்டு வந்தவன் ஒரு வாரம் தண்ணீரே குடிக்கவில்லை. அவன் சிறுநீரகத்துக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. டாக்டர் கடிதத்தை லேமினேட் செய்து கொடுத்தேன்.

இப்போது பதினாலு. மீசை அரும்புகிற வயசில்தான் பயம் அதிகம். உடம்பு வளர்கிறது, சிறுநீரகம் கூடவே வளர்வதில்லை. கிரியேட்டினின் 1.3. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் டயாலிசிஸ், மாற்று சிறுநீரகம் வரை போகிறார்கள். போன மாசம் டாக்டர் பிரஷர் பார்த்துக்கொண்டே, பேச்சுவாக்கில், என் ரத்த வகை என்ன என்று கேட்டார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு அவன் அலாரம் அடிக்கும். இப்போதெல்லாம் கதவைச் சாத்திக்கொள்கிறான், நான் எழுந்து போவதில்லை. வாளியில் மக்கு முட்டும் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. படுத்தபடியே ரெண்டாவது சத்தத்துக்குக் காத்திருப்பேன்.