பத்தரை மணி நேரத் தண்ணீர்

இந்திரா காந்தி கால்வாய் என்றதும் 649 கிலோமீட்டர் நீளத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து ராஜஸ்தானில் ஜெய்சால்மரின் மோகன்கட் வரை போகும் அந்த நீளம் பொறியாளர்கள் பாடு. பிகானேர், கங்காநகர் விவசாயியின் பாடு கடிகாரத்தோடு.

இங்கே தண்ணீர் முறை வைத்துத்தான் வரும்: வாரத்தின் 168 மணி நேரத்தை ஒரு மடையை நம்பிய நிலங்களுக்குப் பங்கிடுவார்கள். ஒரு மடையை நம்பி 400 பிகா (ஒரு பிகா இங்கே சுமார் கால் ஹெக்டேர்) இருந்தால் பிகாவுக்குச் சுமார் 25 நிமிடம். 25 பிகா கொண்ட ஒரு முரப்பாவுக்குப் பத்தரை மணி. மடையில் நொடிக்கு ஒரு கன அடி ஓடினால் அதற்குள் 10.7 லட்சம் லிட்டர் வந்துவிடும். கேட்கப் பெரிதாக இருக்கும். 25 பிகாவிலும் பரப்பினால் 17 மில்லிமீட்டர்தான். மணல் அப்படியே குடித்துவிடும். ஒரு பாய்ச்சலுக்கு 70 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஆறு பிகா நனையும். அதனால் கோதுமையைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, மிச்சத்தில் கடுகும் கொண்டைக்கடலையும் போடுவதே புத்தி. இதுவும் கால்வாயில் முழு அளவு தண்ணீர் வரும் வாரத்துக்கான கணக்கு.

காலி வாய்க்கால் நிரம்பும் நேரத்துக்கு முறைக் கணக்கில் சலுகை உண்டு. கசிவுக்குக் கிடையாது. மே, ஜூன் புழுதிப்புயலில் வாய்க்கால் மேடிட்டால் தண்ணீர் கரை வழிந்து, உடைப்பெடுக்கும். முறைக்கு முந்தின நாளே மணலை வாரிவிட வேண்டும். தன் முறையின்போது மேல்மடைகளை மணல் கொட்டி அடைப்பவர்கள் உண்டு. அரை மணியில் கரைந்துபோகும். ஈரக் களிமண்ணை அப்பி மிதித்தால்தான் நிற்கும்.

தண்ணீர் தாராளமாகக் கிடைத்தாலும் வினைதான். பல இடங்களில் சில மீட்டர் ஆழத்திலேயே ஜிப்சம், களிமண் படிவம். பாய்ச்சிய நீர் கீழே இறங்காமல் மேலேறும். வயல் வெள்ளையாகப் பூத்தால் உப்பு வந்துவிட்டது. அதைச் சரிசெய்ய, வடிகால் இல்லாமல் ஜிப்சம் தூவுவது வீண் செலவு.

பாகிஸ்தான் எல்லை வேலியை ஒட்டிய ஊர்களில் இரவு நடமாட்டத்துக்குத் தடை வரும். இரவில் முறை விழுந்தால் எல்லைப் பாதுகாப்புப் படையின் காவல் சாவடியில் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்க வேண்டும். டிக்கி என்கிற பண்ணைத் தொட்டி இருந்தால் தண்ணீரைத் தேக்கிப் பகலில் தெளிப்பானில் பாய்ச்சலாம். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட தொட்டியின் சரிவு வழுக்கும். நீந்தத் தெரிந்தவர்களும் ஏற முடியாமல் மூழ்கியிருக்கிறார்கள். சுற்றிலும் வேலி போட்டு, நான்கு பக்கமும் முடிச்சுக் கயிறு தொங்கவிட்ட பிறகே தண்ணீர் விடுங்கள்.