ஜான்ஸ்டவுனுக்குப் போனால் முதலில் மலைக்கு மேலே போங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கேம்பிரியா கவுண்டி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஸ்டோனிக்ரீக், லிட்டில் கானமா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில், மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஊர்தான் ஜான்ஸ்டவுன். நீங்கள் போவதாக இருந்தால் ஊருக்குள் முதலில் நுழையாதீர்கள். 14 மைல் மேலே, 1889-ல் உடைந்து இந்த ஊரை அழித்த சவுத் ஃபோர்க் அணை இருந்த இடத்துக்குப் போய்விட்டு, வெள்ளம் வந்த வழியே கீழே இறங்கி வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன், அதனால்தான் கொஞ்சமாவது புரிந்தது.

அணை இருந்த இடத்தில் இன்று இருப்பது இரண்டு பக்கமும் மிச்சமான மண்கரை, நடுவில் ஒரு பெரிய வெறுமை. கரையின் முனை வரைக்கும் நடந்து போகலாம். கீழே ஒரு சிறிய ஆறும் ரயில் பாதையும் தெரிகின்றன. ஏரி கிடந்த இடம் முழுக்கப் புல்லும் மரமும். 72 அடி உயரம், 931 அடி நீளம், பின்னால் 2 கோடி டன் தண்ணீர் என்று படித்துவிட்டுப் போயிருந்தேன், ஆனால் அந்த இடைவெளியின் ஓரத்தில் நிற்கும்போதுதான் வயிறு கலங்குகிறது.

அரசாங்கம் கால்வாய்ப் போக்குவரத்துக்காகக் கட்டிய அணை அது, 1853-ல் முடித்தார்கள். ரயில் வந்தது, கால்வாய்க்கு வேலை இல்லாமல் போனது, அணை கைமாறியது. நடுவில் வாங்கிய ஒருவர் அடியில் இருந்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டார். மதகு போய்விட்டது! அதற்குப் பிறகு பழுது பார்க்க வேண்டும் என்றால்கூட அந்த ஏரியில் தண்ணீரைக் குறைக்க வழி கிடையாது. எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம் வந்தது இங்கேதான். 1879-ல் பிட்ஸ்பர்க் பணக்காரர்களின் மீன்பிடி கிளப் அதை வாங்கியது. பெரும் தொழிலதிபர்களான கார்னெகி, ஃப்ரிக் எல்லாம் அதில் உறுப்பினர்கள். அவர்கள் காலத்தில், கரையில் முன்பே விழுந்திருந்த ஓர் உடைப்பை ஏனோதானோவென்று அடைத்தார்கள், வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள், விட்ட மீன்கள் வெளியே ஓடிவிடக் கூடாது என்று கலிங்கில் கம்பி வலை போட்டார்கள். கீழே இருந்த கேம்பிரியா இரும்பாலையின் தலைவர் மோரெல், அணை சரியில்லை என்று முன்கூட்டியே எழுதி எச்சரித்தும் இருக்கிறார்.

1889 மே 31. ராத்திரி முழுக்க மழை, கலிங்கு வலையில் குப்பை அடைத்துக்கொண்டது, ஆட்கள் காலையிலிருந்து கரையை உயர்த்தப் பார்த்தார்கள், முடியவில்லை, மதியம் 3 மணி தாண்டியதும் உடைந்தது. அணை உடையப் போகிறது என்று கீழே தந்தி போயிருந்தது. ஆனால் மழைக்காலம் வந்தால் இந்தப் பேச்சு வருவது வழக்கம், புலி வருது புலி வருது என்று கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட ஊர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஜான்ஸ்டவுனை அடைந்தது. செத்தவர்கள் 2,209 பேர். 99 குடும்பங்களில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

ஊருக்குள் வந்தால் அந்தக் கல் பாலத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது, இப்போதும் அதன் மேல் ரயில் ஓடுகிறது. வெள்ளம் அடித்துவந்த வீடுகள், மரங்கள், ரயில் பெட்டிகள், கம்பி ஆலையின் முள்கம்பி, அதில் சிக்கிய மனிதர்கள் எல்லாம் அதன் வளைவுகளில் வந்து குவிந்தன, பிறகு அந்தக் குவியல் தீப்பிடித்தது. தண்ணீரில் தப்பியவர்கள் நெருப்பில் போனார்கள். அங்கே நான் படம் எடுக்கவில்லை.

கிளப்பின் மேல் வழக்குப் போட்டவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. கார்னெகி ஊருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார், அதுதான் இன்றைய வெள்ள மியூசியம். மேலே கிராண்ட்வியூ கல்லறைத் தோட்டத்தில் அடையாளம் தெரியாத 750-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் இல்லாத வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன.

சிட்டி ஹால் சுவரில் மூன்று வெள்ளங்களின் மட்டத்தைக் குறித்து வைத்திருக்கிறார்கள்: 1889-ல் 21 அடி, 1936-ல் 17 அடி, 1977-ல் எட்டரை அடி. 1936 மார்ச்சில் பனி உருகிய தண்ணீரும் மழையும் சேர்ந்து வந்தது. அதற்குப் பிறகு ராணுவப் பொறியாளர்கள் ஆற்றின் இரு கரைக்கும் கான்கிரீட் போட்டார்கள், ‘இனி வெள்ளமே வராத ஊர்’ என்று பெயரும் வைத்தாயிற்று. அப்போது நிவாரணத்துக்கு என்று மதுவின் மேல் தற்காலிகமாகப் போட்ட 10 சதவீத வரி, இன்று 18 சதவீதமாகி இன்னும் மாநிலம் முழுக்க வசூலாகிறது, அதுவும் பொதுக் கஜானாவுக்கு.

1977 ஜூலையில் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய ஓரடி மழை. ஊரெல்லாம் ஆற்றுச் சுவரை நம்பியிருந்தது. மலைப் பக்கம் லாரல் ரன் என்ற ஓடையில் இருந்த மண் அணை, மறுபடியும் ஒரு மண் அணை, உடைந்து, கீழே இருந்த டேனரிவில் என்ற பகுதியில் மட்டும் சுமார் 40 பேர் செத்தார்கள். மொத்தம் 80 பேருக்கு மேல்.

சாயங்காலம் கிளம்பும் முன் அந்த ஓடையையும் பார்த்துவிடலாம் என்று போனேன். ஓரமாக நின்று பார்த்தேன். கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, அடியில் கிடந்த கூழாங்கற்கள்கூடத் தெளிவாகத் தெரிந்தன.